குழாய்க் கசிவு விரிவுரை களவுபோனது குறித்து

என் அன்புக்கும் ஆசிக்கும் என்றும் உரிய மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவும் நலம் என்றே டாக்டர் சொல்கிறார். அவரை நம்பாமலிருக்க எனக்கு இதுவரை காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் என் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேலே படிப்பதற்கு முன் உறையைத் திருப்பிப் பார். ஒட்டிய இடத்தின் குறுக்கே என் கையெழுத்து இருக்கும். கோடு விலகாமல் இருந்தால் தொடர்ந்து படி. விலகியிருந்தால், உனக்கு முன்பே ஒருவர் படித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசுவதை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். நீ அந்தத் துறையில் இருப்பவன்.

விஷயம் இதுதான். உன் அப்பாவின் விரிவுரையை யாரோ களவாடிவிட்டார்கள். அதைப் பதிந்த டிஸ்க் போகவில்லை, அதற்குள் இருந்த ரகசியம் போயிருக்கிறது. பணி ஓய்வு பெறும்வரை பிஸ்கட் ஆலை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதித்தவன் நான். சாப்பாட்டு டப்பாவின் அடியில் இன்னோர் அடி இருப்பதைத் தட்டிப் பார்த்தே சொன்னவன். என் கையைத் தாண்டி ஒரு பொருள் வெளியே போயிருக்கிறது என்றால் எடுத்தவன் சாதாரண ஆள் இல்லை. நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். எங்கே ஓட்டை என்று நீ கண்டுபிடித்து எழுது.

உன் அப்பாவின் குரல் நாணில் சிறிய கட்டி இருந்ததும், வியாழக்கிழமை அதை எடுத்துவிடுவதென்று முடிவானதும் உனக்குத் தெரியும். டாக்டரின் அறையில் நடந்தது தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு பழைய குரல் வருமா என்று உன் அம்மா கேட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “குரல் வரும்மா. பழைய குரலான்னு இப்ப சொல்ல முடியாது” என்றார். ஆபரேஷன்வரை பேசவே கூடாது, பேசியே ஆகவேண்டுமென்றால் ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், டாக்டர் எதற்காகப் பேனாவை மூடினார் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்று நாங்கள் தீர்மானிக்கும் முன்பே, குடிநீர் வாரியத்தின் பயிற்சி நிலையத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மண்ணுக்கடியில் ஓடும் குழாய் எங்கே கசிகிறது என்பதை, குழாயின் மேல் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுகிற வித்தையை உன் அப்பா ஆண்டுதோறும் அங்கே போய் விரிவுரையாகச் சொல்வது வழக்கம். இந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு அதே வியாழக்கிழமை மதியம் வகுப்பாம். தள்ளிப்போட வழியில்லை, மறுநாளே அவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து வேலைக்குப் போகிறார்கள். காதால் பழக வேண்டிய விஷயத்தை அச்சடித்துக் கொடுத்துப் பயனில்லை, ஆகவே பேசிப் பதிவு செய்து டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார். இந்தக் காலத்தில் யார் டிஸ்க் கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். புது மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், வரவில்லை, பழைய பெட்டியில் டிஸ்க் மட்டும்தான் ஓடும் என்றார். முழுக்க நம்பும்படியாக இருந்தது. எனக்குச் சந்தேகம் பிறந்தது அங்கேதான். உன் அப்பா, பேசாமலிருப்பதற்காக வாங்கிக் கொடுத்திருந்த எழுதுபலகையில் ‘சரி’ என்று எழுதினார். அவர் எழுதி முடிக்கும் முன்பே உன் அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டாள். வந்தவரைவிட அவளுக்குத்தான் அவசரம் என்று தோன்றியது. பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

டிஸ்க் போட்டுத் தர இங்கே மிச்சமிருப்பது ஒரே கடை. மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், கல்யாணங்களைப் படம் பிடித்து டிஸ்க்காக்கித் தருகிறவர். எதைக் கொடுத்தாலும் எக்கோ சேர்த்துவிடுவார் என்பதால் அவருக்கே எக்கோ என்று பெயராகிவிட்டது. பதிவறை என்று அவர் சொல்வது சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை. இத்தனை முட்டையை யார் தின்றது என்று கேட்டேன். சிரித்தார். முதலில் அவர் கேட்டதே, அய்யா எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பதுதான். எதற்குக் கேட்கிறாய் என்றால், அதற்கேற்ற மாதிரி நடுநடுவே புல்லாங்குழல் போடலாம் என்கிறார். குழாய்க்கும் குழலுக்கும் என்ன சம்பந்தம்? இதற்கிடையில் நாற்காலியில் ஒருவர், மகளின் கல்யாண டிஸ்க்கை வாங்கிப் போக வந்ததாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்சட்டையின் ஓரத்தில் சேறு. என்ன வேலை என்று சாதாரணமாக விசாரிப்பதுபோல் கேட்டேன். பைப் வேலை என்றார். அவரை வெளியே மாடிப்படியில் உட்கார வைத்தேன். டிஸ்க் கிடைத்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். குற்றமற்றவன் ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பான்.

அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்த விரிவுரை முழுசாக யார் காதிலும் விழக்கூடாது என்று. ஆலையில் இப்படித்தான். மாவு பிசைகிறவருக்குச் சர்க்கரை அளவு தெரியாது, சர்க்கரை போடுகிறவருக்கு அடுப்பின் சூடு தெரியாது. அதனால்தான் எங்கள் பிஸ்கட்டை இன்றுவரை யாராலும் செய்ய முடியவில்லை. நாங்களும் ஒரே மாதிரி இரண்டு தடவை செய்ததில்லை என்பது வேறு விஷயம். உன் அப்பா எழுதி வைத்திருந்தது பதினான்கு தாள். அவற்றின் தலைப்பில் இருந்த எண்களைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டுச் சீட்டுக்கட்டுபோல் கலைத்தேன். கலைந்த வரிசையிலேயே அவர் படிப்பார், டிஸ்க்கில் தனித்தனிப் பாட்டுபோல அதே வரிசையில் ஏறும், டிஸ்க் போய்ச் சேர்ந்த பிறகு எது முதலில் எது அடுத்தது என்பதைத் தலைவருக்கு நான் போனில் சொல்வேன். வழியில் எவன் எடுத்தாலும் அவனுக்கு ஒன்றும் விளங்காது.

சரியான வரிசையை எழுதி வைத்தால் யாராவது படிப்பார்கள். ஆகவே நம் குடும்பத்தில் தாளுக்கு ஒருவராக வயது வாரியாக மனதில் பதித்துக்கொண்டேன். எல்லோருக்கும் மூத்தவரான உன் சின்னத் தாத்தா முதல் தாள், அடுத்து உன் பெரியப்பா, இப்படியே இறங்கி, கடைக்குட்டியான உன் மகள் கடைசித் தாள். கம்பியைப் பிடிக்கும் விதம் உன் பெரியப்பா. கசிவின் சீறல் உன் டீச்சர் அத்தை. அது ஒரு தடவையிலேயே மனதில் நின்றது. வால்வுகளைத் திறந்து மூடுவது டைப்பிஸ்ட் அத்தை. குடும்பத்தில் யார் மூத்தவர், யார் இளையவர் என்பதை நம்மைத் தவிர வெளியார் எவனுக்கும் தெரியாதல்லவா? இதைவிடப் பாதுகாப்பான பூட்டு உலகத்தில் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதிவு நடந்தது. காதில் எதையும் மாட்டாமல், மீட்டரில் முள் ஆடுவதை மட்டும் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று எக்கோவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்தில் மாப்பிள்ளை பேசினதைக்கூட நான் கேட்டுத்தான் சார் பதிஞ்சேன் என்று முனகினார். உன் அம்மா வெந்நீர் பிளாஸ்க்கோடு உன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் தாள்களை ஒவ்வொன்றாக நீட்டினேன். உன் அப்பா முதல் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையை எடுத்து ‘பைத்தியமா?’ என்று எழுதினார். எக்கோவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, இருந்தாலும் இருக்கலாம் என்று தலையாட்டினேன். பேச்சைச் செலவழிக்கக்கூடாது என்பதால் அவரால் சண்டை போட முடியவில்லை. எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் படித்து முடித்தார். படித்த தாள்களைக் கிழித்து, வீட்டுக்குப் போகும் வழியில் வேறு வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டேன்.

அதற்கு முன், சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே போட்டுக் கேட்கும்போது, எக்கோவை உன் அப்பாவோடு வெளியே உட்கார வைத்துவிட்டு நானும் உன் அம்மாவும் மட்டும் இருந்தோம். உன் அம்மாவுக்கு இந்த வயதில் காது மந்தமாகிவிட்டதோ என்று எனக்குக் கவலை. ஒவ்வொரு பகுதியையும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். வால்வுகள் பகுதியை மூன்றாவது தடவை கேட்டாள். வால்வில் என்ன புரியவில்லை என்று கேட்டேன். கடைசியில் மெதுவாக, “எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லேன்டா” என்றாள். உனக்கெதற்கு, நம் வீட்டில் எந்தக் குழாயும் கசியவில்லையே என்றேன். “சும்மா, வீட்ல இருக்கட்டுமேன்னுதான்.” சும்மா இருக்கிற பொருள்தான் முதலில் களவு போகும் என்பதை அவளுக்கு விளக்கினேன். இரண்டு பிரதி என்றால் இரண்டு ஓட்டை. ஒரே ஒரு டிஸ்க் போடச் சொல்லி, கம்ப்யூட்டரில் இருந்ததை என் கண்ணெதிரே அழிக்க வைத்து, இந்த டிஸ்க்கிலிருந்து இன்னொன்று போட்டுத் தரமாட்டேன் என்று எக்கோவைத் தன் எக்கோ மெஷின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. நடிப்பாகவும் இருக்கலாம்.

டிஸ்க்கை உறையில் போட்டு அரக்கு வைத்தேன். புதன்கிழமை உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வேலை எனக்கு இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் டிஸ்க் போயாக வேண்டும். கூரியர்காரனை நம்பமுடியாது, ஆட்டோக்காரரை நம்பமுடியாது. இந்த உலகத்தில் நான் பையைத் திறந்து பார்க்கத் தேவையில்லாத ஒரே ஆள் உன் அம்மா. அவளிடம் கொடுத்து அனுப்பினேன். போய்க் கொடுத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கொஞ்சம் தாமதம், பஸ் கிடைக்கவில்லையாம்.

வியாழக்கிழமை உன் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே தாழ்வாரத்தில் நான், உன் அம்மா, உன் அத்தைகள் இருவர். வகுப்பு தொடங்கும் நேரம் நெருங்கியது. தலைவரிடமிருந்து போன் வரவில்லை. நானே கூப்பிடுவதற்கு முன், வரிசையை ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா வரைக்கும் சரியாக வந்தது. அடுத்து டீச்சர் அத்தை, பிறகு டைப்பிஸ்ட் அத்தை என்றதும் டைப்பிஸ்ட் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் மூத்தவள் என்றாள். இத்தனை வருஷமாக இல்லாமல் இப்போது என்ன என்று கேட்டால், கல்யாணத்தின்போது எனக்கு இரண்டு வயதைக் குறைத்துச் சொன்னார்கள், அதை யாரும் திருப்பித் தரவில்லை என்கிறாள். டீச்சர் அத்தை விடுவாளா? “சர்டிபிகேட்ல பாரு, நான்தான் பெரியவ.”

“சர்டிபிகேட்ல பாத்தா நீ அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்தவ. சீக்கிரம் பள்ளிக்கூடத்துல தள்ளணும்னு அப்பா கூட்டிப் போட்டது.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் சண்டை நடந்த பிறகு நர்ஸ் வந்து உஷ் என்றாள். கம்பியைப் பிடித்ததும் சீறல் கேட்கவேண்டுமா, வால்வை மூடவேண்டுமா என்பது இவர்களில் யார் முதலில் பிறந்தார் என்பதைப் பொறுத்திருந்தது. வால்வை முதலில் மூடினால் தண்ணீர் ஓடாது, சீறல் கேட்காது, அப்புறம் அந்தப் பையன்கள் கம்பியை வைத்துக்கொண்டு எதைக் கேட்பார்கள்? உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஆபரேஷன் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விதமாகவும் சொல்லிவிடலாம் என்று தலைவரைக் கூப்பிட்டேன். வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். “எந்த வரிசை சார்? வகுப்பு முடிஞ்சே போச்சு. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா அவ்வளவு தெளிவா இருந்துது. அம்மாவுக்கு ரொம்ப நன்றி சொல்லுங்க” என்றார். டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறார் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் கதவு திறந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். குரல் எப்படி என்பது மட்டும், அவர் வாயைத் திறக்கும் நாளில்தான் தெரியும்.

இப்போது நீயே யோசி. கலைத்துப் போட்ட விரிவுரை வரிசையாக ஓடுகிறது. திறவுகோல் என் தலையில் இருக்கிறது, அதுவும் பாதி வழியில் சண்டையில் நிற்கிறது. அப்படியானால் எவனோ இந்தப் பூட்டை உடைத்து, நம் அத்தைகளில் யார் மூத்தவர் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? மறுநாளே எக்கோவின் கடைக்குப் போய் நேருக்கு நேர் கேட்டேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, “உங்க வீட்லயே கேட்டுப் பாருங்க சார்” என்றார். என்ன திமிர் பார். ஒருமுறை செய்த சத்தியத்தைக் காப்பாற்றியதாகவும், அதனால் தனக்கு ஒரு பெரிய மனுஷியின் மனக்கஷ்டம்தான் மிச்சம் என்றும் ஏதோ உளறினார். நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். ஆகவே நீ உடனே ஆராய்ந்து எழுதவேண்டியது: அழித்ததாகச் சொல்லப்பட்ட கம்ப்யூட்டரிலிருந்து எப்படி எடுத்திருப்பார், குழாய் வேலைக்காரருக்கு இதில் எத்தனை பங்கு, போலீஸுக்குப் போனால் அத்தைகளின் வயதைச் சொல்லவேண்டி வருமா.

உன் பெட்டி படுக்கைகள் பூட்டியபடி பூட்டியிருக்கவும், உள்ளே இருப்பவை உள்ளேயே இருக்கவும், உன் மனைவியும் என் பேத்தியும் நோய் நொடியின்றி நீடூழி இருக்கவும் வாழ்த்துகிறேன். இக்கடிதத்தைப் பற்றி உன் அம்மாவிடம் மூச்சுவிட வேண்டாம். பாவம், அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

எப்போதும் விழிப்போடிருக்கும்,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: தபால் தலை இல்லாததால் இந்தக் கடிதம் சில நாள் மேசையிலேயே கிடந்தது. விவரம் சரிதானா என்று தெரிந்துகொள்ள உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘பாவம், அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது’ என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துருப்பிடித்த இரும்புக் கதவைத் திறந்ததுபோல ஒரு சத்தம். உன் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். குரல் வந்திருந்தது. பழைய குரல் இல்லை. அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

எடுத்தது அவள்தான். புதன்கிழமை டிஸ்க்கோடு நேரே எக்கோவிடம் போய் ஒரு பிரதி கேட்டிருக்கிறாள். சத்தியம் செய்திருக்கிறேன் அம்மா என்று அவர் கையை விரித்துவிட்டார். “அதுல அவர் குரல் இருக்குடா. இருந்தது அது ஒண்ணுதான். அதைக் குடுத்துட்டு நான் எப்படி வீட்டுக்கு வருவேன்?” அதனால் அந்த மைக்கின் முன்னால் தானே உட்கார்ந்து, அவருக்குத் தொண்டை சரியில்லை, அவர் சொல்வதைத்தான் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, விரிவுரை முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை பேசியிருக்கிறாள். ஆண்டுதோறும் வகுப்புக்கு முன்னால் உன் அப்பா சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்ப்பாராம். வேறு கதை கேட்க வழியில்லாமல் மனப்பாடமாகிவிட்டதாம். அதைத்தான் வேறு உறையில் போட்டு, வேறு அரக்கு வைத்துக் கொடுத்திருக்கிறாள். வால்வு கெட்டுப்போக முதல் காரணம் தெரியாதவன் போட்டு முறுக்குவது என்ற இடத்தில் என் பெயரையும் உதாரணமாகச் சொன்னாளாம். வகுப்பில் நல்ல சிரிப்பு என்று தலைவர் பிற்பாடு போன் செய்தபோது சொன்னார். அடுத்த ஆண்டு அவளையே நேரில் வரச் சொல்கிறார். போவதாகத்தான் இருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதில் உன் அப்பாவின் உடல்நிலையைத் தவிர வேறெதையும் பொருட்படுத்த வேண்டாம். எக்கோவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதையும் எக்கோ வைத்துப் பதிவு செய்திருப்பாரோ என்று ஒரு சின்னச் சந்தேகம், அவ்வளவுதான். டிஸ்க் இப்போது வீட்டில் இருக்கிறது. உன் அம்மா தினமும் போட்டுக் கேட்கிறாள். அத்தைகள் விஷயம் இன்னும் தீரவில்லை என்றாலும் முடிந்தவரை சரியான வரிசையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம்டா. நன்றியில ஆரம்பிச்சு வணக்கத்துல முடியுது. அப்படியே இருக்கட்டும்” என்றாள். பேசலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டதால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருஷத்தில் நான் பேசி நீ இப்படிக் கேட்டதுண்டா, டிஸ்க்கில் இருக்கிற அந்த ஆள் பேசினால் மட்டும் அசையாமல் கேட்கிறாயே என்று தன் புதுக் குரலில் சண்டைக்கு நிற்கிறார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறாள்:

“அவர் நடுவுல காபி கேக்கறதில்ல.”